பாஸ்தா: வேகுமுன் நிறுப்பதா, வெந்தபின் நிறுப்பதா?

வாசகர் கேள்வி – பதில்

கலோரி கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சோறு, சப்பாத்தி எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடுகிறது. பாஸ்தா மட்டும் குழப்புகிறது. அது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

பாக்கெட்டில் 100 கிராமுக்கு 355 கலோரி என்று அச்சிட்டிருக்கிறது. கைபேசியில் கலோரி கணக்குப் போடும் ஆப்பில் 'பாஸ்தா' என்று தேடினால் 158 என்று வருகிறது. எதை நம்புவது?
– வாசகி, கோயம்புத்தூர்

இரண்டுமே சரியான எண்கள்தான். 355 என்பது வேகாத பாஸ்தாவுக்கு, 158 என்பது வெந்த பாஸ்தாவுக்கு. வேகும்போது பாஸ்தா தன் எடையைவிடக் கூடுதலாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. 100 கிராம் போட்டால் 200 முதல் 250 கிராம் வரை ஆகிவிடும். தண்ணீருக்குக் கலோரி கிடையாது. அதே 355 கலோரிதான் இப்போது இரண்டு மடங்குக்கும் மேலான எடையில் பரவிக் கிடக்கிறது.

எடையை ஒரு நிலையிலும் எண்ணை இன்னொரு நிலையிலும் எடுத்தால்தான் கணக்கு கெடும். 80 கிராம் வேகாத பாஸ்தாவின் உண்மையான கணக்கு 284 கலோரி. அதை 158 என்கிற எண்ணோடு பெருக்கினால் 126 என்று வரும். தட்டில் இருப்பதில் பாதிக்கும் மேல் கணக்கில் ஏறாமலே போய்விடும். மாறாக, அது வெந்து 180 கிராம் ஆனபின் நிறுத்து, பாக்கெட் எண்ணோடு பெருக்கினால் 639 வரும். அப்போது வயிறு நிறையாமலே 'இன்றைய கணக்கு முடிந்தது' என்று எழுந்துவிடுவீர்கள். 'கணக்கு வைத்தும் எடை குறையவில்லை' என்று எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

எங்கள் பரிந்துரை இதுதான்: வேகுமுன் நிறுங்கள், கையில் இருக்கும் பாக்கெட்டின் எண்ணையே போடுங்கள். ஆப்பில் தேடி எடுப்பதாக இருந்தால் அந்தப் பதிவில் 'வேகாதது' அல்லது 'வெந்தது' என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். குறிப்பே இல்லை என்றால் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். 340-க்கு மேல் இருந்தால் வேகாதது, 130 முதல் 170-க்குள் இருந்தால் வெந்தது.

சாப்பிடுவது வெந்த பாஸ்தாவைத்தானே? அதையே நிறுத்தால் என்ன தவறு?
– வாசகர், திருநெல்வேலி

தவறு என்றில்லை. ஆனால் வெந்த எடை ஒரு நாள் இருப்பதுபோல மறுநாள் இருக்காது. பல்லில் கொஞ்சம் கடிபடும் பதத்தில் இறக்கினால் 100 கிராம் பாஸ்தா 205 கிராம் அளவில் நிற்கும். குழந்தைகளுக்காக நான்கைந்து நிமிடம் கூட வைத்து மெத்தென்று வேகவிட்டால் 250 கிராம் ஆகும். தட்டில் 200 கிராம் வெந்த பாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பதத்தில் அது கிட்டத்தட்ட 98 கிராம் வேகாத பாஸ்தா, இரண்டாவதில் 80 கிராம்தான். ஒரே எடைக்கு 60 கலோரி வித்தியாசம்.

வடிப்பதிலும் மாறும். பென்னே, மக்ரோனி போன்ற குழல் வகைகள் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிதட்டில் கொட்டி உடனே நிறுத்தால் அந்தத் தண்ணீரும் எடையில் ஏறும். ஒட்டாமல் இருக்கக் குளிர்ந்த தண்ணீரில் அலசுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு, அதுவும் எடை கூட்டும். வெந்ததைத்தான் நிறுத்தாக வேண்டும் என்றால் வடிதட்டை நன்றாகக் குலுக்கி, இரண்டு நிமிடம் விட்டு நிறுங்கள்.

மாவின் தரத்துக்கும் இதில் பங்கு உண்டு. ட்யூரம் என்ற கெட்டியான கோதுமை வகையின் ரவையில் செய்த பாஸ்தா வடிவம் கெடாமல் நிற்கும். இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை இந்தக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-லேயே சட்டம் போட்டார்கள். நம் கடைகளில் மைதா கலந்ததும் கிடைக்கிறது. அது சீக்கிரம் குழைந்து தண்ணீரை அதிகம் குடிக்கும். ஒரு பிராண்டுக்குக் கண்டுபிடித்த வெந்த எடைக் கணக்கை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

வீட்டில் நான்கு பேர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடாயில்தான் செய்கிறேன். என் பங்கை மட்டும் எப்படிக் கணக்கிடுவது? தனியாக வேகவைக்க எரிச்சலாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

தனியாக வேகவைக்கத் தேவையே இல்லை. மொத்தக் கடாய்க்கும் கணக்குப் போட்டு, உங்கள் தட்டுக்கு வந்ததை மட்டும் பிரித்துக்கொண்டால் போதும்.

முதலில் காலிக் கடாயை நிறுத்து, அந்த எடையை அடுப்படிச் சுவரில் ஒரு சீட்டில் ஒட்டி வையுங்கள். இந்த வேலை ஒரு முறைதான். பிறகு கடாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் போடும் முன் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம்:

பென்னே 300 கிராம் – 1065 கலோரி. எண்ணெய் 27 கிராம், அதாவது இரண்டு டேபிள்ஸ்பூன் – 243. வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் எல்லாம் சேர்த்து 650 கிராம் – ஏறத்தாழ 160. சீஸ் 60 கிராம், லேபிளில் 100 கிராமுக்கு 310 என்று இருந்தால் – 186. மொத்தம் 1654 கலோரி.

இறக்கியதும் கடாயோடு நிறுங்கள். 2420 கிராம் வருகிறது, காலிக் கடாய் 1180 என்றால் உள்ளே இருப்பது 1240 கிராம். 1654-ஐ 1240-ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.33 கலோரி. உங்கள் தட்டைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, பரிமாறிக்கொள்ளுங்கள். 280 கிராம் வந்தால் 373 கலோரி. மற்ற மூவரும் எவ்வளவு எடுத்தாலும், மிச்சம் வைத்தாலும் உங்கள் எண் மாறாது.

தக்காளி எவ்வளவு சுண்டியது, பாஸ்தா எவ்வளவு தண்ணீர் குடித்தது என்ற கவலையும் இந்த முறையில் இல்லை. கடைசி எடையில் எல்லாம் அடங்கிவிடும். நிறுத்தபின் அடுப்பில் திரும்ப வைக்காமல் இருந்தால் போதும்.

இதில் கெடக்கூடிய இடங்கள் இரண்டு. சீஸை மேலே தூவி அப்படியே பரிமாறினால் ஒருவர் தட்டுக்குச் சீஸ் கட்டியாகப் போகும், இன்னொருவருக்கு வெறும் பாஸ்தா வரும். நன்றாகக் கிளறியபின் எடுங்கள், அல்லது சீஸை அவரவர் தட்டில் தனியாக நிறுத்துப் போடுங்கள். இரண்டாவது, கொதிக்கும் கடாயை நேரே தராசில் வைப்பது. சூடு பட்டால் உள்ளிருக்கும் உணர்கருவி தடுமாறி எண் நகரும், பிளாஸ்டிக் மேல்தட்டும் வளையும். சப்பாத்திப் பலகையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு அதன்மேல் கடாயை வையுங்கள்.

பாஸ்தாவும் சாஸும் தனித்தனியாக மேசைக்கு வரும் வீடானால் இன்னும் சுலபம். 300 கிராம் வெந்து 690 ஆகியிருந்தால் 2.3 மடங்கு. நீங்கள் எடுத்தது 160 கிராம் என்றால் 2.3-ஆல் வகுங்கள். 70 கிராம் வேகாத பாஸ்தா, 247 கலோரி. சாஸுக்குத் தனிக் கணக்கு.

ஒருவர் அளவுக்கு ஸ்பகெட்டியை ஒரு நாணயத்தின் விட்டத்துக்குக் கட்டாகப் பிடித்தால் போதும் என்கிறார்கள். ஓட்டை போட்ட அளவுகோலும் விற்கிறது. ஸ்பகெட்டிக் கரண்டி நடுவில் இருக்கும் ஓட்டைதான் ஒருவர் அளவு என்றும் படித்தேன்.
– வாசகர், புதுச்சேரி

மூன்றையுமே கலோரிக் கணக்குக்கு நம்ப வேண்டாம். வட்டத்தின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் பரப்பு அதைவிட வேகமாக ஏறும். விட்டம் 2 சென்டிமீட்டரிலிருந்து 2.4 ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் ஸ்பகெட்டியோ 44 விழுக்காடு கூடிவிடும்.

55 கிராம் ஸ்பகெட்டியைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தால் வெட்டுமுகம் 17 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் பிடித்தால் கையில் 140 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும், அதாவது 500 கலோரி. கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் இன்னொரு எண். கரண்டி ஓட்டையும் அளவுகோல் ஓட்டையும் தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறுகின்றன. உங்களிடம் அளவுகோல் இருந்தால், ஒரு ஓட்டை நிறைய எடுத்து ஒரே ஒரு முறை தராசில் வைத்துப் பார்த்து, வரும் கிராமை அதன்மேல் எழுதிவிடுங்கள். அதன்பிறகு அவசரத்துக்கு உதவும்.

நீளமான ஸ்பகெட்டியைத் தராசில் வைத்தால் சரிந்து விழும். உயரமான டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, அதில் செங்குத்தாக நிறுத்துங்கள்.

விடுதி அறையில் தராசு இல்லை. கப் கணக்கில் அளக்கலாமா?
– வாசகி, வேலூர்

பொதுவான 'ஒரு கப்' கணக்கு வேண்டாம். வடிவத்துக்கு வடிவம் காற்று இடைவெளி மாறுகிறது. 55 கிராம் என்பது சிறிய வளைவு மக்ரோனியில் அரைக் கப், பென்னேயில் முக்கால் கப். ஆகவே அதே ஒரு கப்பில் மக்ரோனி 110 கிராமும் பென்னே 73 கிராமும் பிடிக்கும். கலோரியில் 120-க்கும் மேல் வித்தியாசம். போதாததற்குச் சமையல் கப் 240 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி.

தராசு இல்லாதவர்களுக்கு நல்ல வழி, பாக்கெட்டையே எடைக்கல்லாக வைத்துக்கொள்வது. புதிய 500 கிராம் பாக்கெட்டைப் பிரித்து, உங்கள் டம்ளரால் தலைதட்டித் தலைதட்டி அளந்து ஒரு பாத்திரத்தில் கொட்டுங்கள். எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். ஆறரை டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் 77 கிராம், ஏறத்தாழ 273 கலோரி. அந்த வடிவத்துக்கு, அந்த டம்ளருக்கு இது மிகவும் நம்பகமான அளவு. அடுத்த முறை சுருள் பாஸ்தா வாங்கினால் மறுபடி எண்ண வேண்டும்.

ஸ்பகெட்டியை டம்ளரில் அளக்க முடியாது. 500 கிராமை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டாக, மறுபடியும் இரண்டாகப் பிரித்தால் எட்டுக் கட்டு. ஒவ்வொன்றும் 62 கிராம் சொச்சம். கட்டுக்குக் கட்டு ஐந்து கிராம் முன்பின் இருந்தாலும் பாக்கெட் தீரும்போது சரியாகிவிடும். எட்டு வேளைக்குப் போனது 500 கிராம்தானே.

எந்தத் தராசு வாங்குவது? வீட்டில் இருப்பது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஈரோடு

ஒரு கிராம் துல்லியத்தில் 5 கிலோ வரை தாங்கும் சாதாரண டிஜிட்டல் சமையலறைத் தராசு போதும். பூஜ்யமாக்கும் பொத்தான் அவசியம். அவுன்ஸுக்கு மாற்றும் பொத்தான் தெரியாமல் அழுந்திவிடும், திரையில் 'கிராம்' இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரிபார்க்கப் பத்துப் பத்து ரூபாய் நாணயங்கள் போதும். ஒன்று 7.7 கிராம், பத்தும் சேர்ந்து 77 கிராம். தராசு 76 முதல் 78 வரை காட்டினால் நல்லது. அதைவிட விலகினால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். மேடை சமமாக இல்லை, மின்விசிறிக் காற்று நேரே அடிக்கிறது, பெரிய தட்டின் ஓரம் பக்கத்துப் பாத்திரத்தில் இடிக்கிறது – இவையும் எண்ணைக் கெடுக்கும். இரண்டு மூன்று துண்டாக மெல்லப் போட்டால் சில தராசுகள் அந்த எடையைக் கண்டுகொள்ளாமல் விடும். கொஞ்சம் கூடுதலாகக் கொட்டிவிட்டு, தேவைக்கு மேலானதைத் திரும்ப எடுங்கள்.

ஒருவருக்கு எத்தனை கிராம் சரி? ஒரு பாக்கெட்டில் 56 என்றும் இன்னொன்றில் 80 என்றும் இருக்கிறது.
– வாசகி, சேலம்

லேபிளில் இருக்கும் பரிமாறும் அளவு உங்களுக்கான அறிவுரை அல்ல. அமெரிக்க லேபிள் விதிப்படி பாஸ்தாவுக்கு ஒப்பீட்டு அளவு வேகாத 55 கிராம், அதனால் அங்கிருந்து வருவதில் இரண்டு அவுன்ஸ், 56 கிராம் என்று இருக்கும். இத்தாலியச் சத்துணவு வழிகாட்டலில் ஒரு பரிமாறல் 80 கிராம். உங்கள் அளவை உங்கள் அன்றாடக் கலோரி வரம்புதான் முடிவுசெய்ய வேண்டும். இரவு உணவுக்கு 450 கலோரி ஒதுக்கியிருந்தால் 65 கிராம் பாஸ்தா 230 எடுத்துக்கொள்ளும். மீதி 220-இல் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், இரண்டு கை காய்கறி, கொஞ்சம் கோழியோ பனீரோ அடங்கும். 65 கிராம் குறைவாகத் தெரிந்தால் பாஸ்தாவைக் கூட்டாமல் காயைக் கூட்டுங்கள். 200 கிராம் குடைமிளகாயும் காளானும் சேர்த்தாலும் 50 கலோரியைத் தாண்டாது, தட்டு நிறைந்துவிடும்.

கோதுமை பாஸ்தா, பருப்பு பாஸ்தா வாங்கினால் கலோரி குறையுமா? ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிட்டால் பாதியாகிவிடுமாமே?
– வாசகர், நாகர்கோவில்

முழுக்கோதுமையிலும் கொண்டைக்கடலை, பருப்பு வகைகளிலும் வேகாத 100 கிராமுக்கு 340–350 அளவில்தான் இருக்கும். அவற்றை வாங்க நல்ல காரணம் நார்ச்சத்தும் புரதமும். கலோரி குறையும் என்று நினைத்து அளவைக் கூட்டாதீர்கள்.

ஆறவைத்த பாஸ்தாவில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறுவது உண்மை. பாதியாகும் என்பது உண்மையல்ல. அந்தச் சிறு குறைவைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்கும் டப்பாவின் மேல் 'வேகாத 70 கிராம்' என்று எழுதி ஒட்டுங்கள். மறுநாள் அது ஈரம் இழந்தோ சாஸை இழுத்தோ எடை மாறியிருக்கும், நிறுத்துப் பயனில்லை.

நான் மக்ரோனியைக் குக்கரில் மசாலா, காய்கறியோடு ஒரே விசிலில் வைத்துவிடுவேன். வடிப்பதே இல்லை. இதற்கு எந்தக் கணக்கு?
– வாசகி, மதுரை

வெந்த பாஸ்தாவுக்கான 158 உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பதைப் பொறுத்து எடை ஏறியிறங்கும். வேகாத மக்ரோனியை நிறுத்து, மேலே சொன்ன மொத்தப் பாத்திரக் கணக்கைப் போடுங்கள். குக்கரை மூடியும் வெயிட்டும் இல்லாமல் காலியாக நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேமியா உப்புமாவுக்கும் இதே முறைதான். வறுத்த சேமியா என்று வாங்கினால் எண்ணெய் சேர்த்து வறுத்ததா என்று லேபிளில் பாருங்கள். நெய்விட்டு நீங்களே வறுத்தால் அந்த நெய்யைத் தனியாகக் குறியுங்கள்.

இன்சுலின் போடுகிறேன். மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிய வேண்டும்.
– வாசகர், தூத்துக்குடி

வேகாத 100 கிராம் பாஸ்தாவில் ஏறத்தாழ 75 கிராம் மாவுச்சத்து. 70 கிராம் எடுத்தால் 52. உங்களுக்கு வேகுமுன் நிறுப்பது மிகவும் முக்கியம், பத்துப் பதினைந்து கிராம் பிசகுகூட மருந்தளவோடு மோதும். மருந்தளவை உங்கள் மருத்துவர் சொன்னபடியே வையுங்கள்.

பதினாறு வயது மகள் எல்லாவற்றையும் நிறுத்துத்தான் சாப்பிடுகிறாள். பாஸ்தாவில் ஐந்து கிராம் கூடினால்கூடத் திரும்ப எடுத்துவிடுகிறாள். பெருமைப்படுவதா, பயப்படுவதா?
– ஒரு தாய், திருச்சி

ஐந்து கிராம் பாஸ்தா 18 கலோரி. ஒரு நாளில் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. வளரும் வயதில் மருத்துவர் சொல்லாமல் கலோரி குறைக்கவே கூடாது. வெளியில் சாப்பிட மறுப்பது, சாப்பாட்டுக்குப் பின் குற்றவுணர்வு, மாதவிடாய் தள்ளிப்போவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். திட்டாமல், தராசைப் பிடுங்காமல் பேசுங்கள். இது பிடிவாதமல்ல, உதவி தேவைப்படும் நிலையாக இருக்கலாம்.

பாஸ்தாவைக் கிராம் கணக்கில் நிறுத்தும் எடை குறையவில்லை. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தில் பாஸ்தா, சீஸ், காய் எல்லாவற்றுக்கும் எடை இருக்கிறது. எண்ணெய்க்கு மட்டும் 'கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, 34 கிராம் வேகாத பாஸ்தாவுக்குச் சமம். பூண்டு வதக்க ஒரு சுற்று, இறக்கும்போது மேலாக ஒரு சுற்று என்று பாட்டிலைச் சாய்த்தால் மூன்று டேபிள்ஸ்பூன் சாதாரணமாகப் போகும்.

எண்ணெய் பாட்டிலை மூடியைத் திறந்து தராசில் வையுங்கள். பூஜ்யமாக்குங்கள். எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். திரையில் –18 என்று காட்டினால் 18 கிராம் போயிருக்கிறது, 162 கலோரி. ஸ்பூன் கழுவும் வேலையும் இல்லை. வெண்ணெய், கிரீம், மயோனைஸ் டப்பாக்களுக்கும் இப்படியே செய்யலாம். பாஸ்தா வேகும் தண்ணீரில் எண்ணெய் விடுவதையும் நிறுத்திவிடுங்கள். அதில் பெரும்பகுதி வடிநீரோடு போகிறது, எவ்வளவு ஒட்டியது என்று கணக்கிடவும் முடியாது, ஒட்டியது சாஸையும் வழுக்கவிடும். நிறையத் தண்ணீர் வைத்து, போட்ட முதல் இரண்டு நிமிடம் கிளறிவிட்டாலே பாஸ்தா ஒட்டாது.